விசாரித்தறியாத செய்தி

1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள். நள்ளிரவு கடந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. மாஸ்கோ நகருக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்னும் இரகசியத் தளத்தில் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்ற சோவியத் இராணுவ அதிகாரி பணியில் அமர்ந்திருந்தார். அமெரிக்கா அணு ஏவுகணையை ஏவினால், விண்ணிலுள்ள துணைக்கோள் அதைக் கண்டு அங்கே தெரிவிக்கும். அச்செய்தியை மேலிடத்துக்கு எடுத்துரைப்பதே அவருடைய கடமை.

திடீரென அபாயச் சங்கு அலறிற்று. அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை புறப்பட்டுவிட்டது என்றது கணிப்பொறி. சற்று நேரத்தில் இரண்டாவது, மூன்றாவது என ஐந்து ஏவுகணைகள்!

அன்பிற்குரிய வாசகர்களே! அந்த நாற்காலியில் நீங்கள் அமர்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பெத்ரோவ் நடுங்கினார், ஆயினும் நிதானம் இழக்கவில்லை. போர் தொடுக்க எண்ணிய வல்லரசு ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்குமா? தரையிலுள்ள ரேடார்கள் ஏன் எதையும் காணவில்லை? இவ்வாறு எண்ணிப் பார்த்து, இது பொய் எச்சரிக்கை என்றே மேலிடத்துக்கு அறிவித்தார். அதுவே உண்மையாயிற்று. மேகங்களின் மேல் பட்டுத் தெறித்த கதிரவன் ஒளியைத் துணைக்கோள் ஏவுகணைத் தீயெனக் கண்டிருந்தது! அவருக்கு அன்று பரிசு ஏதும் கிட்டவில்லை. குறிப்பேட்டை உரியவாறு எழுதவில்லை என்று கடிந்துரைதான் கிட்டியது. 2017-இல் அவர் மறைந்தார்.

கருவியும் ஓர் அறிவிப்பாளரே

தீர விசாரிக்காத செய்தியை நம்பிப் பிறருக்குத் தீங்கிழைத்தல் ஆகாது என்பது திருமறை நமக்குக் கற்பித்த நெறி. ஹதீஸ் கலையில் வல்ல இமாம்கள் ஓர் அறிவிப்பாளரிடம் இரு தகுதிகளைத் தேடினார்கள். ஒன்று நேர்மை, மற்றொன்று பிசகாத நினைவாற்றல். உத்தமரே ஆயினும் நினைவு பிசகுபவராக இருந்தால், அவருடைய அறிவிப்பைப் பலவீனமானது என்றே மதித்தார்கள்.

கருவி பொய் சொல்லாது என்பர் சிலர். இருக்கட்டும்; அது பிழை காணாது என்று யாரேனும் உறுதி கூற முடியுமா? 1979 நவம்பரில் அமெரிக்காவிலும், பயிற்சிக்கென ஆக்கி வைத்திருந்த போர்க்காட்சி எச்சரிக்கைக் கணிப்பொறிகளில் மெய்த் தாக்குதலாகத் தோன்றியதுண்டு. அன்றும் மனிதர்கள் விசாரித்ததனால்தான் உலகம் பிழைத்தது.

இன்று செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. அது ஏன் ஒரு முடிவுக்கு வந்தது என்பதை அதை ஆக்கியோராலேயே முழுமையாக விளக்க இயலுவதில்லை. இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன், 2023-இல் கூகுள் நிறுவனத்தை விட்டு விலகி, அதன் அபாயங்களை வெளிப்படையாக எடுத்துரைக்கலானார். இலக்கைத் தானே தேர்ந்து தாக்கும் ஆயுதங்களும் பிறந்துவிட்டன. பகைவனை முந்த வேண்டும் என்னும் அவசரத்தில், விசாரிப்பதற்குரிய அந்தச் சில நிமிடங்களையும் மனிதன் கருவிக்கு விட்டுக்கொடுப்பானாயின், அடுத்த பொய் எச்சரிக்கையை யார் தடுப்பார்?

இதை உணர்ந்தே போலும், 2024 நவம்பரில் பெரு நாட்டின் லிமா நகரில் சந்தித்த அமெரிக்க அதிபர் பைடனும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும், அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர் வசமே இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். நல்ல சொல்தான், அது செயலில் நிலைக்க வேண்டும்.

சகோதர சகோதரிகளே! அறிவு இறைவன் தந்த அமானிதம். கருவி செய்வது குற்றமன்று. தீர்ப்பை அதன் தலையில் சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்வதே குற்றம். ஏனெனில், மறுமை நாளில் இயந்திரத்திடம் கேள்வி கணக்கு இல்லை, மனிதனிடம்தான் உண்டு. பெத்ரோவின் நாற்காலி நம் வீடுகளிலும் கிடக்கிறது. கைப்பேசியில் வந்த செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன், மகனின் குரலில் பணம் கேட்கும் அழைப்பை நம்புமுன், ஒரு நொடி நிதானித்து விசாரியுங்கள். அந்த ஒரு நொடி நிதானமே அன்று உலகைக் காத்தது.

வல்ல இறைவன் நமக்கு அறிவோடு நிதானத்தையும் அருள்வானாக! ஆமீன்.