பேச்சு மொழிச் சிகிச்சைத் துறையில் பாலினச் சமனின்மை

பேச்சு மொழிச் சிகிச்சைத் துறையில் பாலினச் சமனின்மை என்பது, பேச்சு, மொழி, குரல், விழுங்குதல் ஆகியவற்றில் ஏற்படும் குறைபாடுகளுக்குச் சிகிச்சை அளிக்கும் தொழிலில் பெண்களே மிகப் பெரும்பான்மையினராக இருக்கும் நிலையைக் குறிக்கும். ஐக்கிய இராச்சியத்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இத்தொழிலில் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 95 பேர் பெண்கள் ஆவர். செவிலியர் பணியில் கூட ஆண்களின் பங்கு இதைவிடக் கூடுதலாகும். இச்சமனின்மை ஊதியத்துடனும் தொடர்புடையது என்பதை எண்டர்பி வழக்கு வெளிக்கொணர்ந்தது.

வரலாறு

இத்துறையின் தொடக்க காலத்தில் ஆண்கள் பலர் முன்னணியில் இருந்தனர். ஐக்கிய அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் திக்குவாய் பற்றி ஆய்வு செய்த வெண்டல் ஜான்சன், சார்லஸ் வான் ரைப்பர் ஆகிய இருவரும் திக்கிப் பேசியவர்களே. ஐக்கிய இராச்சியத்தில், மன்னர் ஆறாம் ஜார்ஜுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்த லயனல் லோக், 1945 இல் தோன்றிய பேச்சுச் சிகிச்சையாளர் கல்லூரியின் நிறுவனர்களில் ஒருவர். ஆயினும் பணியாளர்களில் பெண்களே பெரும்பான்மையினர் ஆயினர்.

காரணங்கள்

பொதுவாகப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன:

* இத்தொழில் பள்ளிகளையும் சிறுவர் மருத்துவ நிலையங்களையும் சார்ந்து வளர்ந்தது. ஆகவே இது குழந்தை வளர்ப்பு, கற்பித்தல் ஆகியவற்றின் நீட்சியாக, பெண்களுக்கு உரிய பணியாகக் கருதப்பட்டது.
* பிற மருத்துவத் தொழில்களுடன் ஒப்பிடுகையில் ஊதியமும் பதவி உயர்வு வாய்ப்புகளும் குறைவாக இருந்தன.
* பகுதிநேரப் பணி வாய்ப்பு, குடும்பப் பொறுப்பைச் சுமக்கும் பெண்களுக்கு ஏற்றதாக இருந்தது.
* ஆண் சிகிச்சையாளரைக் கண்டிராத மாணவர்கள் இதனைத் தமக்குரிய தொழிலாக எண்ணுவதில்லை.

இவற்றுள் ஊதியக் குறைவு காரணமாகவும் விளைவாகவும் இருக்கக்கூடியது. ஊதியம் குறைவென்பதால் ஆண்கள் வருவதில்லை; பெண்களின் தொழில் என்பதால் ஊதியம் உயர்வதில்லை.

எண்டர்பி வழக்கு

பிரிஸ்டல் நகரின் பிரெஞ்சே மருத்துவமனையில் பணியாற்றிய பேச்சுச் சிகிச்சையாளர் பமேலா எண்டர்பி, 1986 இல் சம ஊதியம் கோரி வழக்குத் தொடர்ந்தார். அப்போது அவருடைய ஆண்டு ஊதியம் 10,106 பவுண்டு. அதே தேசிய நலச் சேவையில் ஒத்த நிலையில் இருந்த மருத்துவ உளவியலாளரின் ஊதியம் 12,527 பவுண்டு. மருந்தாளுநரின் ஊதியம் 14,106 பவுண்டு. இவ்விரு தொழில்களிலும் அந்நிலைப் பதவிகளில் ஆண்கள் மிகுதியாக இருந்தனர்.

ஒவ்வொரு தொழிலின் ஊதியமும் தனித்தனிக் கூட்டுப் பேரத்தால் முடிவானது என்றும், எந்தப் பேரத்திலும் பாலினப் பாகுபாடு இல்லை என்றும் எதிர்த்தரப்பு வாதிட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 27 அக்டோபர் 1993 அன்று இவ்வாதம் போதாது எனத் தீர்ப்பளித்தது. பேரங்களைத் தனித்தனியே நடத்துவதே போதுமான நியாயம் என ஏற்றுக்கொண்டால், எந்த முதலாளியும் சம ஊதியக் கொள்கையை எளிதில் தவிர்த்துவிடலாம் என்று அது சுட்டிக்காட்டியது.

தீர்ப்பின் சாரம் வருமாறு. சம மதிப்புடைய இரு பணிகளுள் ஒன்றில் ஏறக்குறைய முழுவதும் பெண்களும் மற்றதில் பெரும்பாலும் ஆண்களும் இருந்து, ஊதியத்தில் கணிசமான வேறுபாட்டைத் தகுந்த புள்ளிவிவரங்கள் காட்டினால், அவ்வேறுபாடு பாலினத்தால் ஏற்பட்டதன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியைச் சாரும். ஆள் பற்றாக்குறையால் ஒரு தொழிலுக்குக் கூடுதல் ஊதியம் வழங்கப்பட்டிருப்பின், வேறுபாட்டில் எவ்வளவு பகுதி அதனால் ஏற்பட்டது என்பதை நாட்டு நீதிமன்றம் ஆராய வேண்டும்.

2004 இல் தேசிய நலச் சேவையின் பெரும்பாலான பணிகள், பணி மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்ட ஒரே ஊதிய முறையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன.

சிகிச்சை பெறுவோர்

சிகிச்சை பெறுவோரிடையே நிலைமை வேறு. வயது வந்தோரில் திக்கிப் பேசும் பெண் ஒருவருக்கு ஆண்கள் ஏறத்தாழ நால்வர் உள்ளனர். குழந்தைகளின் மொழி வளர்ச்சிக் குறைபாடுகளும் சிறுவர்களிடமே கூடுதலாக அறியப்படுகின்றன. சிகிச்சையின் தரம் சிகிச்சையாளரின் பாலினத்தைப் பொறுத்ததன்று. எனினும் ஆண் சிகிச்சையாளரிடம் பேச விரும்பும் ஒருவருக்கு அத்தெரிவு அரிதாகவே கிடைக்கின்றது.

இவற்றையும் பார்க்க

* திக்குவாய்
* சம ஊதியம்
* கேட்பியல்