கிணற்றைச் சித்திரையில் பாருங்கள்
நகரத்திலிருந்து ஊர் திரும்பி விவசாயம் செய்ய விரும்புவோருக்கு

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களிலிருந்து சேலம், நாமக்கல் மாவட்டக் கிராமங்களுக்குப் பல குடும்பங்கள் திரும்பின. நெருக்கடி தீர்ந்ததும் பலர் மறுபடி வேலைக்குச் சென்றனர். சிலர் ஊரிலேயே தங்கினர். வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டி நகரத்தில் காலம் தள்ளுவதைவிட, பெரியவர்கள் விட்டுச் சென்ற பூமியில் இரண்டு மாடு கட்டிப் பிழைக்கலாமே என்ற எண்ணம் இன்றும் பல குடும்பங்களில் இருக்கிறது.

எண்ணம் நல்லதுதான். ஆனால் இப்படித் திரும்புவோர் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சேமிப்பு. பணி ஓய்வுத் தொகையாகவோ, மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணமாகவோ அது இருக்கும். அதை முதல் ஆண்டிலேயே வீடு கட்டவும் ஆழ்துளைக் கிணறு போடவும் செலவிட்டுவிட்டால், இரண்டாம் ஆண்டு விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்க வேண்டிவரும். ஆகவே ஊர் திரும்புவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தங்கள் பூமிக்குக் கோடையில் எவ்வளவு தண்ணீர் உண்டு என்பதுதான். வீடும் மாடும் பயிரும் அதற்குப் பிறகு.

பட்டா சொல்லாத செய்தி

பட்டாவில் நன்செய், புன்செய் என்ற இரண்டே வகைதான் இருக்கும். ஊரார் வழக்கிலோ வயல், தோட்டம், காடு என்று மூன்று வகை உண்டு. ஆறு, ஏரி, வாய்க்கால் பாயும் பூமி வயல். கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். வானத்தை மட்டும் நம்பியிருப்பது காடு. தோட்டமும் காடும் பட்டாவில் ஒரே புன்செய்யாகத்தான் தோன்றும். எனவே பட்டாவையும் சிட்டாவையும் மட்டும் பார்த்து, 'மூன்று ஏக்கர் இருக்கிறது' என்று கணக்குப் போடுவது தவறாக முடியும். அதில் தோட்டம் எவ்வளவு, காடு எவ்வளவு என்று பக்கத்துப் பூமிக்காரர்களிடம் கேட்டறிய வேண்டும்.

பரமத்திவேலூர், மோகனூர் பக்கம் காவிரி வாய்க்கால் பாயும் பூமிகளில் வாழையும் வெற்றிலையும் செழித்து வளர்கின்றன. மேட்டூர் கிழக்குக்கரைக் கால்வாய்ப் பகுதிக்கு வழக்கமாக ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை தண்ணீர் கிடைக்கும். இவற்றைப் பார்த்துவிட்டு, ராசிபுரத்திலோ எருமப்பட்டியிலோ உள்ள மேட்டுக்காட்டிலும் அதே பயிரைச் செய்யலாம் என்று எண்ணுவது கூடாது.

பாறைக்கு அடியில் கடல் இல்லை

கடலோரத்திலும் ஆற்றுப் படுகையிலும் மணலும் வண்டலும் தண்ணீரைப் பஞ்சுபோல் பிடித்து வைக்கும். சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் இருப்பதோ நைஸ், சார்னோக்கைட் போன்ற கடினப் பாறை. இதில் தண்ணீர் இரண்டு இடங்களில்தான் நிற்கும். ஒன்று, மேலே மக்கி நொறுங்கிய ஓடைக்கல் அடுக்கு. மற்றொன்று, அதற்குக் கீழே பாறையில் உள்ள வெடிப்புகள். வெடிப்பில் துளை விழுந்தால் தண்ணீர் வரும். நான்கு அடி தள்ளி விழுந்தால் புழுதிதான் பறக்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் பொதுவாகக் குறையும். அதனால்தான் பக்கத்துத் தோட்டத்தில் 400 அடியில் தண்ணீர் கிடைத்திருக்க, இங்கே 1,000 அடி போயும் கிடைக்காமல் போகிறது.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடு இதே சமவெளியில்தான் இருக்கிறது. வண்டி பக்கத்தில் இருப்பதால் தண்ணீரும் பக்கத்தில் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. துளை பொய்த்தாலும் அடிக்கு இவ்வளவு என்ற கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு துளை பொய்த்த ஆத்திரத்தில் மறுநாளே இரண்டாவது துளை போடுவதில்தான் பல குடும்பங்களின் சேமிப்பு கரைகிறது. நிலத்தடி நீர் ஆய்வாளரைக் கொண்டு மின்தடை அளவீடு செய்து பார்த்து, இருக்கும் கிணற்றின் நிலையையும் அறிந்த பிறகே இதில் இறங்க வேண்டும்.

எப்போது பார்க்க வேண்டும்?

தீபாவளிக்கு ஊருக்கு வருபவர் கண்ணுக்குக் கிணறு நிறைந்து தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காடெல்லாம் பச்சையாக இருக்கும். அப்போது எடுக்கும் முடிவு பங்குனியில் கசந்துபோகும். கிணற்றைச் சித்திரையில் பார்ப்பதே சரியான முறை.

இன்னொரு கேள்வியையும் ஊரில் கேட்க வேண்டும்: '2017 கோடையில் இந்தக் கிணறு நின்றதா?' 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்தக் கோடையில் குடிக்கவும் மாட்டுக்கும் தண்ணீர் கொடுத்த கிணறு என்றால் அதை ஓரளவு நம்பலாம்.

பீப்பாய்க் கணக்கு

கிணற்று நீரை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றும் கைக்கடிகாரமும் போதும். சித்திரையில் மோட்டாரை ஓடவிட்டுப் பீப்பாய் நிறையும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 2 நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 6,000 லிட்டர். தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் தீர்கிறது, மறுபடி ஊற எவ்வளவு நேரமாகிறது என்பதையும் மூன்று, நான்கு நாட்கள் குறித்துவர வேண்டும். நாளொன்றுக்கு 4 மணி நேரம் ஓடுகிறது என்றால் 24,000 லிட்டர்.

இனிப் பங்கைப் பார்க்க வேண்டும். இப்பகுதியில் பல கிணறுகள் அண்ணன் தம்பிகளுக்கும் பங்காளிகளுக்கும் பொதுவானவை. நாலில் ஒரு பங்கு என்றால் நான்கு நாளைக்கு ஒரு நாள்தான் முறை வரும். ஆக அந்தக் குடும்பத்துக்கு நாளொன்றுக்குச் சராசரி 6,000 லிட்டர். கோடையில் பயிருக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ. தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்குச் சுமார் 20,000 லிட்டர் ஆகும். கிடைக்கும் 6,000 லிட்டர் ஏறத்தாழ 30 சென்ட்டுக்குத்தான் வரும். அதுவும் சொட்டுநீர்ப் பாசனம் இருந்தால்தான். மண் வாய்க்காலில் விட்டால் இன்னும் குறையும்.

மூன்று ஏக்கர் என்று நம்பி வந்தவருக்குக் கோடையில் கையில் இருப்பது 30 சென்ட். இது கேட்க வருத்தமாக இருக்கலாம். ஆனால் வேலையை விடுவதற்கு முன் தெரிந்தால் அதற்கேற்பத் திட்டமிடலாம். விட்ட பிறகு தெரிந்தால் கடன்தான் வழி.

முப்பது சென்ட்டில் என்ன செய்யலாம்?

மாதச் சம்பளத்துக்குப் பழகிய குடும்பத்துக்கு வேண்டியது அடிக்கடி வரும் சிறு வருமானம். 20 சென்ட்டில் கம்பு நேப்பியர் புல்லும் சிறிது வேலிமசாலும் போட்டால் இரண்டு கலப்பினப் பசுக்களுக்குப் பசுந்தீவனம் கிடைக்கும். மீதி 10 சென்ட்டில் கீரை, கத்தரி, மிளகாய் வைத்து உழவர் சந்தைக்குக் கொண்டுபோகலாம். காட்டில் ஆடிப்பட்டத்தில் மானாவாரியாகச் சோளம் விதைத்தால் உலர் தீவனத்துக்குப் போர் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு மாடுகளையும் ஒரே நேரத்தில் கன்று ஈன்றவையாக வாங்கக் கூடாது. ஒரு பசு ஏறத்தாழ 10 மாதம் கறந்து 2 மாதம் வற்றும். ஆறு மாத இடைவெளியில் ஈனுமாறு வாங்கினால் ஆண்டு முழுவதும் வீட்டில் பால் இருக்கும். கறவைக்கு விடுமுறை கிடையாது; விடியற்காலையும் மாலையும் கறந்தாக வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. எனவே அவர்களைக் கேட்காமல் மாடு வாங்குவது முறையல்ல. மாட்டுக்குப் பதிலாக ஆடு வளர்க்க விரும்புவோர், இந்தக் காட்டுக்குப் பழகிய மேச்சேரிச் செம்மறியையும் சேலம் கறுப்பு வெள்ளாட்டையும் தேர்ந்தெடுக்கலாம்.

தண்ணீர் சற்றுக் கூடுதலாக உள்ளவர்களுக்கு மரவள்ளி ஏற்றது. 90 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 5,000 குச்சிகள் நடலாம். ஆனால் வெட்ட 9, 10 மாதமாகும். ஆலைகள் மாவுச்சத்தின் 'பாயிண்ட்'டைப் பார்த்தே விலை வைக்கும். 2020 முதல் இப்பகுதியில் மாவுப்பூச்சித் தொல்லையும் உண்டு. அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள் 2022 முதல் வயல்களில் விடப்பட்டு வருகின்றன. கண்டபடி மருந்தடித்தால் குளவியும் மடியும். தேமல் நோயும் மாவுப்பூச்சியும் இல்லாத செடியிலிருந்தே விதைக்குச்சி எடுக்க வேண்டும்.

நாமக்கல் என்றதும் கோழிப்பண்ணை நினைவுக்கு வரும். முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும்; 1,000 கோழிக்கு 110 கிலோ. முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ 5 மாதம் ஆகும். அதுவரை செலவுதான். பெரும் பண்ணைகளோடு விலையில் போட்டியிடவும் வேண்டும். புதிதாக வருபவர் இதில் முதலில் இறங்காமல் இருப்பதே நலம்.

பங்காளியும் பத்திரமும்

பூமியை இத்தனை காலம் வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுது வந்தவர் பெரும்பாலும் பங்காளியாகவோ பக்கத்துக்காரராகவோ இருப்பார். வந்த மாதமே அவரை விலக்குவது நல்லதல்ல. ஒரு வெள்ளாமை அவரோடு சேர்ந்து செய்தால் எந்த மூலையில் மண் ஆழம், எங்கே உவர், எந்தக் கூலியாளை எங்கே கேட்பது என்பதெல்லாம் தெரியவரும். தறியும் கோழிப்பண்ணையும் லாரித் தொழிலும் ஆட்களை இழுத்துக்கொள்ளும் இப்பகுதியில் ஆள் கிடைப்பதே பெரும்பாடு.

புதிதாக பூமி வாங்குவோர் வில்லங்கச் சான்று, புலப்படம் ஆகியவற்றோடு மூன்று செய்திகளைப் பத்திரத்தில் உறுதி செய்ய வேண்டும்: கிணற்றுப் பங்கும் முறை நாளும், வண்டிப்பாதை உரிமை, மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது என்பது. வாய்மொழியாகச் சொன்ன தடம் அடுத்த தலைமுறையில் வழக்காகிறது.

மண்ணும் நீரும் சோதனை

மண் மாதிரிக்கு வயலில் பத்து, பதினைந்து இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, இருபுறமும் சீராகச் சுரண்டிய மண்ணைக் கலந்து அரை கிலோ எடுக்க வேண்டும். நீர் மாதிரிக்கு மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்ட பின் சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். சாயக் கழிவும் நகரக் கழிவும் கலந்த திருமணிமுத்தாற்றின் கரையோரக் கிணறுகளுக்கு நீர்ச் சோதனை மிகவும் அவசியம்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் உண்டு. சேலம் சந்தியூரிலும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையங்களில் பயிர், கால்நடைப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. வேலையில் இருக்கும்போதே விடுப்பில் வந்து இவற்றில் சேரலாம்.

சுருக்கமாகச் சொன்னால், ஊர் திரும்ப விரும்புவோர் ஒரு சித்திரை, ஓர் ஆடி, ஓர் ஐப்பசி ஆகிய மூன்று காலத்திலும் பூமியைப் பார்த்த பிறகே வேலையை விட வேண்டும். ஓராண்டுக் குடும்பச் செலவை வங்கியில் தனியாக வைக்க வேண்டும். முதல் ஆண்டு இருக்கும் ஓட்டு வீட்டிலோ வாடகை வீட்டிலோ குடியிருந்து, இருக்கும் தண்ணீருக்குள் சிறிதாகத் தொடங்க வேண்டும். இரண்டு கோடையைக் கடந்த பிறகு புது வீட்டுக்கு வாஸ்து பார்க்கலாம்.