அப்பத்தாவோடு ஒரு கிலோமீட்டர்

கொடைக்கானலில் வேன் பிடித்தால் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு இடங்களைக் காட்டிவிடுவார்கள். இறங்க வேண்டியது, படம் எடுக்க வேண்டியது, மறுபடி ஏற வேண்டியது. எழுபத்தாறு வயது அம்மாவையும் ஆறு வயது மகளையும் வைத்துக்கொண்டு போன தடவை அப்படித்தான் சுற்றினோம். ராத்திரி அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மகளுக்கோ வளைவுகளில் வந்த வாந்திதான் நினைவிருக்கிறது. அதனால் இந்த முறை வேன் வேண்டாம், நடப்போம் என்று முடிவு செய்தோம்.

காலை ஏழரைக்குக் கோக்கர்ஸ் வாக். மலைச் சரிவின் விளிம்பை ஒட்டிப் போகும் ஒரு கிலோமீட்டர் பாதை. 1872-ல் இதை அமைத்த லெப்டினன்ட் கோக்கர், கொடைக்கானலுக்கு வரைபடம் தயாரித்த ராணுவப் பொறியாளர். அன்றைக்கு மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் டோலியிலோதான் மேலே வர வேண்டும். மேகம் விலகினால் அந்தச் சமவெளி முழுக்க இங்கிருந்தே தெரியும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அம்மா கீழே பார்த்துக்கொண்டே நின்றார். "இம்புட்டு ஒசரத்துக்கா ஆளைத் தூக்கிட்டு வந்தாக?" சுமந்தவர்களின் பெயரில் இங்கே ஒரு பாதையும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வயதானவர்களுக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கும். இந்தப் பாதையில் செங்குத்தான ஏற்றம் இல்லாததுதான் பெரிய ஆறுதல். பத்து எட்டு வைத்து அம்மா நிற்பார். மகள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். "அப்பத்தா, மேகம் நமக்குக் கீழ இருக்கு!" முதுகுப் பக்கம் வெயிலும் எதிரே மூடுபனியும் வாய்த்தால், நம் நிழலே மேகத்தின் மேல் பெரிதாக விழும். சில வேளை அதைச் சுற்றி வானவில் வளையமும் தெரியும். ஜெர்மனியின் பிராக்கன் மலையில் பேர்போன இந்தக் காட்சி இங்கேயும் அபூர்வமாகக் கிடைக்கும் என்கிறார்கள். எங்களுக்கு வாய்க்கவில்லை.

அங்கிருந்து பிரையண்ட் பூங்கா பக்கம்தான். 1908-ல் வன அதிகாரி பிரையண்ட் உருவாக்கியது. பரப்பு இருபது ஏக்கருக்குச் சற்று மேல். மே மாத மலர்க் கண்காட்சிக்கு வந்தால் பூக்களைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். சாதாரண நாளில் வாருங்கள். இங்குள்ள யூகலிப்டஸ் ஒன்று 1857-ல் நட்டது என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் அது பூங்காவைவிட அரை நூற்றாண்டு மூத்தது. கீழே உதிர்ந்து கிடந்த இலை ஒன்றைப் பொறுக்கி அம்மா கசக்கினார். மகளின் மூக்கருகே நீட்டினார். "தைலம்!" என்று கத்தினாள். ரோஜாத் தோட்டத்தில்கூட அவள் அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

சாயங்காலம் ஏரி. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் கரை கட்டித் தேக்கிய நீர் இது. சுற்றிவர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், சமதளம், மரநிழல். குடும்பத்தோடு நடக்க இதைவிட நல்ல பாதை பழனி மலைத்தொடரில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் காரும் வேனும் வாடகை சைக்கிளும் சவாரிக் குதிரையும் அதே ரோட்டில்தான். ஹாரன் கேட்கும்போதெல்லாம் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்கு ஒதுங்கினார். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வாங்க வேண்டும். ஊருக்குள் வரும் வண்டியைக் கணக்கெடுக்க முடிகிறபோது, காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் ஏரிச் சாலையை நடப்பவர்களுக்கு மட்டும் விட முடியாதா?

பாதிச் சுற்றில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மிளகாய்ப்பொடி தடவிய சுட்ட சோளம் ஒன்றை மூவரும் பங்கு போட்டோம். மீதி தூரத்துக்கு ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அம்மா செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்து எழுந்தார்.