புதிய ஊரும் ஒரு நாள் ஓட்டமும்

ஓட்டப்பந்தயம் என்ற சொல்லைக் கேட்டவுடன், வெள்ளைக் கோட்டின்மீது குனிந்து நிற்கும் இளைஞரும், துப்பாக்கி ஒலியும், சில விநாடிகளில் முடிந்துவிடும் பரபரப்புமே பெரும்பாலோர் மனக்கண்முன் தோன்றும். இவற்றினின்றும் வேறுபட்ட ஓட்டம் ஒன்று உண்டு. அதில் தூரத்துக்கு எல்லை கிடையாது. காலத்துக்கே எல்லை உண்டு. ஒரு நாட்காலையில் தொடங்கினால் மறுநாட்காலை அதே வேளையில் முடிவடையும். அந்த இருபத்துநான்கு மணித்தியாலங்களில் மிகுந்த தூரம் சென்றவரே வென்றவர். இடையே நடக்கலாம், உண்ணலாம், களைத்தால் உறங்கவும் செய்யலாம். கடிகாரம் மட்டும் எவருக்காகவும் நிற்பதில்லை. பெரும்பாலும் 400 மீற்றர் ஓடுபாதையிலோ, ஒன்றிரண்டு கிலோமீற்றர் சுற்றளவுள்ள பூங்கா வீதியிலோ மீண்டும் மீண்டும் சுற்றி வருதலே இதன் முறையாகும்.

இவ்வோட்டத்தில் மனிதர் எட்டியுள்ள தூரம் வியப்பூட்டுவது. கிரேக்க நாட்டில் பிறந்த யானிஸ் கூரோஸ் 1997ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் 303.506 கிலோமீற்றர் ஓடினார். இருபதாண்டுக்கு மேலாக அதனை எவரும் விஞ்சவில்லை. பின்னர் லித்துவேனிய வீரர் அலெக்சாந்தர் சொரோக்கின் 2021இல் அதனைக் கடந்து, 2022 செப்டெம்பரில் இத்தாலியின் வெரோனா நகரில் 319.614 கிலோமீற்றரை எட்டினார். மணிக்குப் பதின்மூன்று கிலோமீற்றருக்குக் குறையாத வேகத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடுவதற்கு இது சமம். ஆசியாவிலும் இவ்வோட்டம் வேரூன்றி வருகின்றது. 2022 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசிய-ஓசியானியப் போட்டியில் இந்திய ஆடவர் அணி முதலிடம் பெற்றது.

இத்தகைய ஓட்டத்தில் முதன்முறை இறங்க விரும்பும் ஒருவர், அதே வேளையில் திருகோணமலைக்கு மாற்றலாகி வந்து சேர்கின்றார் என்று கொள்வோம். அவர் ஆசிரியராக இருக்கலாம்; மருத்துவத் தாதியாகவோ, துறைமுக அலுவலராகவோ இருக்கலாம். வாடகை வீடு தேட வேண்டும். கிணற்று நீரின் சுவைக்கு நாக்குப் பழக வேண்டும். அயலார் முகங்களை அறிய வேண்டும். இவற்றோடு நெடுந்தூர ஓட்டப் பயிற்சியும் செய்வது எங்ஙனம் என்று அவர் மலைக்கக்கூடும். ஒன்றை முடித்து மற்றொன்றைத் தொடங்கலாம் என்று எண்ணுவதும் இயல்பே. உண்மையில் இவை இரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்கள். ஊருக்குப் பழகாத உடலும் ஊராரோடு பழகாத மனிதரும் ஒரு நாள் முழுதும் ஓடுதல் அரிது. சில வேளை அது ஆபத்துமாகும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு மேல் ஓயாது உழைக்கும் உடலாற்றலை ஈழத்துத் தமிழர் முதலில் காட்டியது கடலிலேயே. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்குப் பாக்குநீரிணையைச் சுமார் 27 மணித்தியாலங்களில் நீந்திக் கடந்தார். 1971இல் குமார் ஆனந்தன் அதே நீரிணையைச் சென்று திரும்பும் வகையில் ஏறத்தாழ 51 மணித்தியாலம் நீந்தினார். அவரே 1979இல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஏழு நாளுக்கு மேல் ஓயாது சைக்கிள் ஓட்டியும் சாதனை படைத்தார். இத்துணை ஆற்றல் வாய்ந்த அப்பெருமகன் 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தார். பாக்குநீரிணையின் நீர் வெதுவெதுப்பானது. ஆங்கிலக் கால்வாயின் நீர் கோடையிலும் குளிர்ந்தது. அந்த முடிவுக்கு இது ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் ஆற்றல் எத்துணைப் பெரிதாயினும், புதிய இடம் ஒவ்வொரு முறையும் புதிய தேர்வையே வைக்கின்றது என்பதை அந்நிகழ்ச்சி நினைவூட்டுகின்றது.

மறுபக்கத்துக்குக் கூரோஸின் வாழ்க்கையே எடுத்துக்காட்டு. அவர் 1990இல் தாய்நாட்டை விட்டு அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். அவரது தலைசிறந்த ஒரு நாள் ஓட்டம் குடியேறி ஏழாண்டு கழிந்த பின், புகுந்த நாட்டின் மண்ணில், நாற்பத்தொரு வயதில் நிகழ்ந்தது. புதிய ஊர் பகையாகவே இருக்கும் என்ற நியதி இல்லை. அதற்கு உரிய காலத்தைக் கொடுத்தல் வேண்டும்.

திருகோணமலை கேட்கும் காலம் யாது? முதலில் வெயிலைக் கவனிப்போம். மே மாதம் முதல் ஓகஸ்ட் வரை தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கீழ்க்கரைக்கு இறங்குகின்றது. இதனையே கிழக்கு மாகாணத்தார் கச்சான் காற்று என்பர். அக்காலத்திற் பகல் வெப்பம் 33, 34 பாகை செல்சியசைத் தொடுவது வழக்கம். கச்சான் வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதை ஓடுபவர் உணர்வதில்லை. விடியற்காலையிலோ கடற்காற்றின் ஈரம் மிகுதி. அப்போது வியர்வை உலராது வழிந்தோடும், உடலும் குளிராது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. ஆகவே ஓராண்டுக்குள் மூன்று வேறு ஊர்களில் ஓடுவது போன்ற அனுபவம் இங்குக் கிட்டுகின்றது.

நுவரெலியா போன்ற குளிர்ந்த இடத்திலிருந்து வருபவரின் உடல், வெயிலுக்குப் பழகச் சுமார் பத்து முதல் பதினான்கு நாள் வரை வேண்டும் என்பது உடலியலார் கண்ட முடிவு. இந்நாட்களில் குருதியின் நீர்ப்பகுதி பெருகுகின்றது. வியர்வை முந்திச் சுரக்கின்றது. அதிற் கலந்து வெளியேறும் உப்புக் குறைகின்றது. ஒரே வேகத்துக்கு இதயம் துடிக்கும் எண்ணிக்கையும் தணிகின்றது. முதல் வாரத்தில் அரைமணி நேர மெல்லோட்டம் போதும். அடுத்த வாரத்தில் ஒரு மணித்தியாலம் வரை நீட்டலாம். சொந்த ஊரில் ஓடிய வேகத்தை இங்கும் நாடுவதே புதியவர் செய்யும் முதற் பிழை. ஊருக்குச் சென்று சில வாரம் தங்கித் திரும்பினால் இப்பழக்கம் தேய்ந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

ஓடுவதற்கு இவ்வூரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. நகரிலிருந்து உப்புவெளி வழியாக நிலாவெளிக்குச் செல்லும் வீதி ஏறத்தாழச் சமதரையானது; நீண்ட ஓட்டத்துக்கு ஏற்றது; ஆனால் நிழல் குறைவு. பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரியும் பாதையில் ஏறிக் கோணேசர் கோயில்வரை செல்லுதல் தொடைத் தசைக்குப் பயிற்சி. உட்துறைமுக வீதியிலும் டச்சுக்குடாக் கடற்கரையை ஒட்டியும் சிறு வட்டம் அமைத்துக்கொள்ளலாம். கடற்படைக்கு உரிய பகுதிகளில் அனுமதியின்றி நுழைதல் கூடாதாதலின், வழியை முன்னரே கேட்டறிதல் நன்று. வாரம் ஒருமுறையேனும் ஒரே சிறு வட்டத்தை இருபது முப்பது முறை சுற்றுதல் இன்றியமையாதது. கால் களைப்பதற்கு முன் மனம் சலித்துப்போவதே இவ்வோட்டத்தின் தன்மை.

சிறு வட்டத்துக்கு வேறொரு நன்மையும் உண்டு. ஒரே தெருவில் நாள்தோறும் விடியுமுன் ஓடுபவரை முதலில் குரைத்து வரவேற்பவை தெருநாய்கள். இரண்டாம் வாரத்தில் அவை தலை தூக்கிப் பார்ப்பதோடு நின்றுவிடும். மூன்றாம் வாரத்தில் தேநீர்க் கடைக்காரர் பெயரைக் கேட்பார். வலை இழுத்துக் கரையேறும் மீனவர் எங்கிருந்து வந்தவர் என்று விசாரிப்பர். பயிற்சி அட்டவணையில் எழுதப்படாத இந்த விசாரிப்புகளின் பயன் பின்னரே தெரியவரும்.

நெடுந்தூரம் செல்லும் கலை இம்மண்ணுக்குப் புதியதன்று. வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார் திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு வழியாகப் பல வாரம் நடக்கின்றனர். அவர்கள் விடியுமுன் புறப்படுவர். உச்சி வெயிலில் மரநிழலில் இளைப்பாறுவர். வெயில் தாழ்ந்தபின் மீண்டும் நடப்பர். வழியூரார் இடும் உணவை உண்பர். ஒரு நாள் ஓட்டத்துக்கும் இவ்வொழுங்கே பொருந்தும். முதல் மணித்தியாலத்திலேயே இருபத்தைந்து நிமிடம் ஓடி ஐந்து நிமிடம் நடத்தல் என்ற முறையை மேற்கொள்ள வேண்டும். களைத்தபின் நடக்கத் தொடங்குபவர் பெரும்பாலும் மீண்டும் ஓடுவதில்லை. நண்பகலில் வேகத்தைத் தணித்து, மாலையில் எடுத்துக்கொள்ளலாம்.

நீர் அருந்துவதில் இருபுறமும் ஆபத்து உண்டு. குறைந்தால் உடல் வெப்பம் ஏறும். தாகமின்றி அளவுக்கு மீறிக் குடித்தால் குருதியிலுள்ள சோடியம் நீர்த்துப்போய், தலைவலியும் வாந்தியும் மயக்கமும் உண்டாகி, உயிருக்கே கேடு விளையும். இதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு மணித்தியாலம் ஓடுமுன்னும் ஓடியபின்னும் நிறை பார்க்க வேண்டும். இடையில் ஒன்றும் அருந்தாதபோது குறையும் ஒரு கிலோகிராம் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வைக்குச் சமம். ஓட்டத்தின்போது நிறை கூடுமாயின் மிகையாகக் குடிக்கின்றார் என்பது பொருள். தாகத்துக்கு அளவாக நீரும், அதனோடு உப்பிட்ட கஞ்சியும் சொதியும் பெரும்பாலோர்க்கு ஏற்றவை.

உணவைப் பொறுத்தவரை, மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து வேண்டும். நடுத்தரமான ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. இடியப்பம், பாண், பேரீச்சம்பழம் ஆகியவற்றுள் எது தம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கின்றது என்பதைப் பயிற்சியின்போதே அறிந்துகொள்ள வேண்டும். புதிய ஊரின் நீரும் எண்ணெயும் வயிற்றுக்குப் பழகுமுன் பந்தயத்துக்குச் செல்வது தவறு. பாதங்கள் நீண்ட ஓட்டத்தில் வீங்குமாதலால் சப்பாத்து சற்றுப் பெரிதாக இருத்தல் நலம். ஈரமான கால்மேசை உடனே மாற்றினால் கொப்புளம் குறையும். வலி தாளாது இபுபுரூபன் போன்ற மாத்திரைகளை விழுங்குதல் கூடாது. நீர் குறைந்த உடலில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

எல்லாவற்றினும் கடினமானது பின்னிரவு. இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே உடலின் வெப்பம் இயல்பாகவே தாழ்கின்றது, உறக்கம் கண்ணை அழுத்துகின்றது, சிந்தனை மழுங்குகின்றது. வெப்பத்தாக்கமோ சோடியக் குறைவோ நேர்ந்தால் முதலிற் குழம்புவது அறிவுதான். தாம் குழம்பியிருப்பதைக் குழம்பியவர் தாமே அறியமாட்டார். ஒரு கேள்விக்குப் பொருந்தாத விடை சொல்கின்றார், கால் தள்ளாடுகின்றது என்பதை மற்றொருவரே கண்டு நிறுத்த வேண்டும். வெப்பத்தாக்கம் எனத் தோன்றினால் வைத்தியசாலைக்கு ஆளனுப்பும் அதே வேளையில், தாமதமின்றிக் குளிர்ந்த நீரால் உடலை நனைத்துத் தணிக்க வேண்டும். ஆதலின் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருவராக, மூவரேனும் உடனிருத்தல் வேண்டும். அவர்கள் ஓட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை. இவருடைய இயல்பான பேச்சையும் நடையையும் அறிந்தவராக இருந்தாற் போதும்.

உறவினர் எல்லாரும் தொலைவில் இருக்க, புதிய ஊரில் அம்மூவரை எங்கே பெறுவது? விடை முன்னரே சொல்லப்பட்டது. பெயர் கேட்ட தேநீர்க் கடைக்காரர், பாடசாலையில் உடன் பணிபுரியும் ஆசிரியர், அடுத்த வீட்டு முதியவர் ஆகியோரிடமிருந்தே பெற வேண்டும். அதற்கு அவர் வீட்டு நன்மை தீமைகளில் இவரும் கலந்துகொள்ள வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் இத்துறைமுக நகரம் வந்தவரை ஏற்றுப் பழகியது. வந்தவர் கதவைத் திறந்து வைத்தால் அதுவே போதுமானது.

இனி, கால அளவு. 42.195 கிலோமீற்றர் மரதன் ஓட்டத்தை முன்னரே ஓடி முடித்தவருக்கும், மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ஆறு மாதப் பயிற்சியேனும் தேவை. வார இறுதியின் நீண்ட ஓட்டத்தை மூன்று மணித்தியாலத்திலிருந்து படிப்படியாக ஆறாக உயர்த்தலாம். நான்காவது வாரந்தோறும் அளவைக் குறைத்து உடலைத் தேற்ற வேண்டும். ஒருமுறையேனும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஓடியும் நடந்தும் பார்க்க வேண்டும். அன்று உடனிருக்கப் போகும் மூவரும் வந்திருத்தல் நன்று. பந்தயத்துக்கு முந்திய இரண்டு, மூன்று வாரம் ஓய்வுக்கு உரியவை. புதிதாக வந்தவர் கச்சானையும் மாரியையும் ஒவ்வொரு முறையேனும் கண்டபின் நாள் குறிப்பாராயின் அது மிகச் சிறந்தது.

முதல் ஓட்டத்துக்கு எவ்வளவு தூரத்தைக் குறியாகக் கொள்வது? மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் இருபது மணித்தியாலம் முன்னேறினால் நூறு கிலோமீற்றர் ஆகின்றது. ஓய்வுக்கு நான்கு மணித்தியாலம் எஞ்சுகின்றது. விரைந்து நடக்கும் நடையே இது. சொரோக்கினின் தூரத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். எனினும் மறுநாட் சூரியன் எழும்போது, ஓராண்டுக்கு முன் பெயர் தெரியாதிருந்த ஒருவர் நீட்டும் கஞ்சிக் கிண்ணத்தைத் தெளிந்த அறிவோடு வாங்கி, அவரைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி கூற முடியுமாயின், அவர் ஓட்டத்தையும் முடித்தவர், ஊரிலும் குடிபுகுந்தவர்.