செக் என்ஜின் லைட்: ரூ.1,65,000 எஸ்டிமேட்டும் ரூ.1,400 ஸ்கேனரும்

"ப்ரோ, எங்களுக்கு எஸ்ஐபி, எமர்ஜென்சி ஃபண்டுன்னு பாடம் எடுத்துட்டு நீங்க மட்டும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டீங்களே?"ன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. நியாயமான கேள்விதான். வீடியோவில் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாத கதை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கார் 2014 மாடல். இரண்டு கதவு, 2 லிட்டர் டர்போ பெட்ரோல், மீட்டரில் 62,000 கிலோமீட்டர். புதுசா வாங்கினப்போ 45 லட்சத்துக்கு மேல். எனக்கு 11 லட்சத்துக்குக் கிடைச்சது. கையில் இருந்த 6 லட்சம், மீதி 5 லட்சத்துக்கு 13% வட்டியில் மூணு வருஷக் கடன். இஎம்ஐ சுமார் ரூ.16,850. கணக்கெல்லாம் எக்செல்லில் போட்டுத்தான் வாங்கினேன். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாத்துக்கும் ஒரு காலம் இருந்தது. ரிப்பேருக்கு மட்டும் காலம் இல்லை.

வாங்கின பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் அந்த என்ஜின் படம் எரிஞ்சுது. வண்டி லேசா உதறுச்சு. சிக்னல் விழுந்து ஆக்சிலரேட்டரை மிதிச்சதும் லைட் விட்டு விட்டு எரிய ஆரம்பிச்சது. ஏதோ லூஸ் கனெக்‌ஷன் போலிருக்குன்னு நினைச்சு வேளச்சேரி வீடு வரைக்கும், டிராஃபிக்கில் அரை மணி நேரத்துக்கு மேல ஓட்டிட்டே வந்துட்டேன். அந்த அரை மணி நேரத்தோட விலை என்னன்னு அப்போ எனக்குத் தெரியாது.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப். ஸ்கேன் பண்ண ரூ.1,500. ரிப்போர்ட்டில் இரண்டு கோட்: பி0302, பி0420. கவுன்டரில் இருந்தவர் இரண்டாவதை மட்டும் விரலால் தட்டிக் காட்டி, "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிருச்சு சார், மாத்தணும்"னு சொல்லி எஸ்டிமேட் கொடுத்தார். ரூ.1,65,000. அப்போ என் எமர்ஜென்சி ஃபண்டில் இருந்ததே ரூ.2,30,000. "இரண்டு நாள் டைம் குடுங்க, எதையும் அழிச்சுடாதீங்க"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டு வந்தேன். இந்த விஷயத்தில் நான் சரியா எடுத்த முதல் முடிவு அதுதான். அதையும் தைரியத்தில் எடுக்கலை, காசு இல்லாததால் எடுத்தேன்.

அந்த லைட் என்னதான் சொல்லுது?

முதலில் நிறம். சிவப்பில் ஆயில் படமோ டெம்பரேச்சர் படமோ வந்தா, ஓரமா நிறுத்தி என்ஜினை ஆஃப் பண்ணிடணும். பேச்சே இல்லை. செக் என்ஜின் லைட் மஞ்சள். அது நிலையா எரிஞ்சு, வண்டியும் வழக்கம்போல ஓடினா, மெதுவா வீடு வரைக்கும் போயிடலாம், சில நாளில் பார்த்துக்கலாம். ஆனா மின்னினா விஷயமே வேற. சிலிண்டரில் பெட்ரோல் சரியா எரியலை, எரியாத பெட்ரோல் அப்படியே எக்ஸாஸ்டுக்குள்ள போய் கன்வெர்ட்டரில் எரிஞ்சு அதைச் சூட்டில் உருக்குதுன்னு அர்த்தம். உள்ளே இருக்கிறது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசின தேன்கூடு மாதிரியான துண்டு. விலை ஏன் லட்சத்தில் இருக்குன்னு இப்போ புரியும். மின்னினா காலை எடுத்து, ஓரம் கட்டி, டோ பண்ணுங்க. டோ செலவு சில ஆயிரம்தான்.

அடுத்து கோட். அமெரிக்காவில் 1996-லிருந்து எல்லாப் புதுக் காருக்கும், இந்தியாவில் பிஎஸ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரலிலிருந்து ஓபிடி-2 கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் ஒண்ணு இருக்கும். அதில் செருகுற ப்ளூடூத் ஸ்கேனரை ஆன்லைனில் ரூ.1,400-க்கு வாங்கினேன். 400 ரூபாய்க்கும் கிடைக்குது, ஆனா பாதி கார்களோட அது பேசவே பேசாது. போனில் ஒரு ஆப் போட்டா போதும். (வேலை முடிஞ்சதும் கழட்டிடுங்க, செருகியே விட்டா பேட்டரியை உறிஞ்சும்.)

பி என்றால் என்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது. பி0300 என்றால் எந்த சிலிண்டர்னு நிலையா சொல்ல முடியாத மிஸ்ஃபயர், பி0301 முதல் கடைசி எண் சிலிண்டர் எண். ஆக என் பி0302-க்கு அர்த்தம், இரண்டாவது சிலிண்டர் சரியா எரியலை. பி0420 என்றால் கன்வெர்ட்டர் எதிர்பார்த்த அளவு வேலை செய்யலை. இங்கேதான் விஷயம். மிஸ்ஃபயர் இருக்கிற வண்டியில் பி0420-ஐ அப்படியே நம்பக் கூடாது. எரியாத பெட்ரோலும் மிச்சக் காற்றும் எக்ஸாஸ்டுக்குள்ள போனா சென்சார் கணக்கே குழம்பும். இன்னொண்ணு, மிஸ்ஃபயரைச் சரி பண்ணாம புது கன்வெர்ட்டர் போட்டா, அந்தப் புதுசும் அதே மாதிரி உருகும். ரூ.1,65,000 கொடுத்துட்டு மறுபடி அதே இடத்தில் நின்னிருப்பேன்.

கோட் என்பது அறிகுறி மட்டும்தான், எந்தப் பார்ட்டை வாங்கணும்னு சொல்லாது. காய்ச்சல்னு தெர்மாமீட்டர் சொல்லும், எதனால்னு சொல்லாது இல்லையா, அதே மாதிரி.

செலவே இல்லாத ஒரு டெஸ்ட்

மேடவாக்கத்தில் எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார். ரிப்போர்ட்டைக் காட்டினேன். "தம்பி, காயிலை மாத்திப் பாத்தீங்களா?"ன்னு கேட்டார். "எதுக்கு மாத்தணும் ணா?"ன்னு நான் முழிச்சேன். அவர் சிரிச்சுக்கிட்டே பானெட்டைத் திறந்து, இரண்டாவது சிலிண்டர் மேல இருந்த இக்னிஷன் காயிலைக் கழட்டி மூணாவதில் மாட்டினார், மூணாவதை இரண்டாவதில் மாட்டினார். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்துட்டு கோட்களை அழிச்சோம். தெருவை ஒரு சுத்து சுத்தி வந்ததும் பி0303 வந்துச்சு. பிரச்சினை காயிலோடவே இடம் மாறிடுச்சு, அப்போ திருடன் காயில்தான். சிலிண்டர் இரண்டிலேயே நின்னிருந்தா ப்ளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன்னு வரிசையா பார்த்திருக்கணும்.

காயில் ரூ.3,800. ப்ளக் நாலும் பழசா இருந்ததால் அதையும் மாத்தினோம், ரூ.4,400. கூலி ரூ.1,000. மொத்தம் ரூ.9,200. உதறல் நின்னுது, லைட் அணைஞ்சுது, பி0420 வரலை. அன்னிக்கு ராத்திரி நிம்மதியா பிரியாணி சாப்பிட்டேன்.

கோட்களை அழிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கோங்க. லைட் எரிஞ்ச நொடியில் வேகம், ஆர்பிஎம், என்ஜின் சூடு, ஃப்யூயல் ட்ரிம் எல்லாம் என்னன்னு அதில் இருக்கும். அழிச்சா அதுவும் போயிடும். உதாரணத்துக்கு பி0171 வந்தா பெட்ரோலைவிடக் காற்று அதிகம்னு அர்த்தம். ஃப்யூயல் ட்ரிம் ஐடிலில் அதிகமா இருந்து 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினா, எங்கேயோ ரப்பர் ஹோஸ் விரிஞ்சு காற்று திருட்டுத்தனமா உள்ளே போகுது. பத்து வருஷ வெயில் பார்த்த ரப்பர் வேற எப்படி இருக்கும்? சில நூறு ரூபாய் ஹோஸ். அது தெரியாம ஃப்யூயல் பம்ப் மாத்தினவங்க உண்டு. பி0128 பெரும்பாலும் தெர்மோஸ்டாட். பேட்டரி வீக்கா இருந்தாலே சம்பந்தமே இல்லாத பல கோட் ஒண்ணா வந்து பயமுறுத்தும், அதனால் முதலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்க.

எனக்கு வயிறு எரிஞ்ச இடம்

முதல் நாள் ஸ்கேனரைச் செருகினப்போ, கோட் அழிச்சதிலிருந்து ஓடின தூரம்னு ஒரு வரி கண்ணில் பட்டுச்சு. 246 கிலோமீட்டர். நான் வாங்கினதிலிருந்து ஓட்டினது 210. அதாவது என் கையில் சாவி வர்றதுக்கு 36 கிலோமீட்டர் முன்னாடி யாரோ கோட்களை அழிச்சிருக்காங்க. பழைய ஓனருக்கு போன் பண்ணேன். "அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க"ன்னார். பேட்டரியைக் கழட்டி மாட்டினாலும் இந்த எண் பூஜ்யமாகும், அதனால் அவரைத் திருடன்னு நான் சொல்லலை. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி இந்த ஒரு எண்ணைப் பார்த்திருந்தா, விலையில் குறைச்சுக் கேட்டிருப்பேன், இல்லைன்னா ஒரு வாரம் கழிச்சு மறுபடி செக் பண்ணிட்டு வாங்கியிருப்பேன்.

ஆக பழைய கார் பார்க்கப் போகும்போது பாக்கெட்டில் ஸ்கேனர் இருக்கட்டும். தூரத்தோட ரெடினஸ் மானிட்டர்களையும் பாருங்க. நிறைய 'முடியவில்லை'ன்னு காட்டினா சமீபத்தில் அழிச்சிருக்காங்க. சாவியை ஆன் பண்ணினதும் செக் என்ஜின் லைட் ஒருமுறை எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லைன்னா, அதை வேணும்னே செயலிழக்க வச்சிருக்கலாம். டயர் பக்கத்தில் இருக்கிற நாலு இலக்கத்தையும் படிங்க: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். கம்மியா ஓடின ஸ்போர்ட்ஸ் காரில் டயர் தேயாமலே கிழடாகியிருக்கும், நாலும் மாத்தினா ஒரு மாசச் சம்பளம்.

இதில் நான் லேட்டா புரிஞ்சுக்கிட்ட பணக் கணக்கு ஒண்ணு இருக்கு. காரோட விலை 45 லட்சத்திலிருந்து 11 லட்சத்துக்கு இறங்கும், ஸ்பேர் பார்ட்ஸோட விலை இறங்காது. அது இன்னமும் 45 லட்சம் காரோட பார்ட்ஸ்தான். இன்ஷூரன்ஸும் இங்கே கை கொடுக்காது. விபத்து, திருட்டு, தீ இதுக்குத்தான் சாதாரண பாலிசி, தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பழுதுக்கும் இல்லை. புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் கிடைக்கும், ஆனா பழைய காயிலையோ சென்சாரையோ நான் வாங்க மாட்டேன். கதவு கண்ணாடின்னா சரி.

கதை பிரியாணியோட முடியலை. நாலு மாசம் கழிச்சு பி0420 திரும்ப வந்துச்சு, இந்தத் தடவை தனியா. மிஸ்ஃபயர் இல்லை. எக்ஸாஸ்டில் எங்கேயாவது லீக் இருக்கான்னு அண்ணன் பார்த்தார், இல்லை. பின்பக்க ஆக்ஸிஜன் சென்சாரோட வோல்டேஜ் ஏறக்குறைய நேர்கோடா இருக்கணும். என்னோடது மேலும் கீழும் ஆடுது. "அன்னிக்கு மின்னிக்கிட்டே ஓட்டிட்டு வந்தீங்களே, அது கொஞ்சம் தின்னிருக்கும் தம்பி. முன்னாடியே தேஞ்சும் இருக்கலாம்"னார். அந்த ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை, வரிசைதான் தப்பு.

"வெட்டி எடுத்துட்டு நேர் பைப் போட்டுடலாம், சவுண்டும் செமையா வரும்"னு இன்னொருத்தர் சொன்னார். அது விதிமீறல், மாசுச் சான்றிதழ் எடுக்கவும் தகராறு. வேண்டாம்னுட்டேன். வெளிச்சந்தை கன்வெர்ட்டரை மாட்டிக் கொடுக்க அண்ணன் சொன்னது ரூ.70,000. வண்டி இப்போதைக்கு நல்லா ஓடுது, மாசம் ஒருமுறை ஸ்கேன் பண்ணிப் பார்க்கிறேன். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடலை. சம்பளம் வந்த அன்னிக்கே ரூ.7,000 'கார்'னு பேர் வச்ச தனி ஆர்டிக்குப் போயிடுது. ஒன்பது மாசம் ஆச்சு, ரூ.63,000 சேர்ந்திருக்கு. அடுத்த மாசச் சம்பளம் வந்ததும் அண்ணனுக்கு போன் பண்ணணும்.