சிறுத்தையா? வாலைப் பாருங்கள்!

குன்றத்தூர் ஏரிக்கரைப் பக்கம் புது வீடு. நள்ளிரவில் மதில்மேல் ஏதோ ஓட, பையன் கைப்பேசியில் படம் பிடித்துவிட்டான் என்று வைத்துக் கொள்ளுங்கள். "ஐயோ, சிறுத்தை!" என்று தெருவைக் கூட்டுமுன் வாலைப் பாருங்கள். இருட்டில் எடுத்த படத்தில் நிறத்தை நம்பலாகாது. நீண்ட கறுத்த வால், வளையமே இல்லை, முகத்தில் கறுப்பு முகமூடி என்றால் மரநாய். (பெயர்தான் நாய், நாயுமல்ல, பூனையுமல்ல!) நீண்ட வாலில் நெடுக வளையங்கள் இருந்தால் புனுகுப் பூனை. நெட்டைக் கால், குட்டை வால் என்றால் காட்டுப் பூனை. அளவில் சந்தேகமா? மறுநாள் அதே மதில்மேல் ஒரு குடத்தை வைத்து, அதே இடத்தில் நின்று மறுபடி படம் எடுத்து ஒப்பிடுங்கள். குடத்தின் உயரங்கூட இல்லாததா சிறுத்தை? மரநாய் தின்பது பெரும்பாலும் பழம், எலியும் பிடிக்கும். அதைக் கல்லால் அடித்துக் கொன்றால், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.