‘1947-ல் ஒரு டாலர் ஒரு ரூபாய்தான்’: அந்த ஃபார்வர்டு உண்மையா?

ஆகஸ்ட் 15 வந்தால் போதும், ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் கொடி படத்தோடு இன்னொரு மெசேஜும் வந்துவிடும். "சுதந்திரம் வாங்கினப்போ 1 டாலர் = 1 ரூபாய். இன்னிக்கு எங்கே போயிடுச்சு பாருங்க!" எந்தக் கட்சியைத் திட்ட வேண்டுமோ, அதற்கேற்ப கடைசி வரி மட்டும் மாறும்.

அந்தத் தகவல் தப்பு. சரிபார்க்க மொபைல் கால்குலேட்டரே போதும். 1947-ல் நம் ரூபாய் பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டிவைக்கப்பட்டிருந்தது. 1 ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். அன்றைய பவுண்டுக்கு 240 பென்ஸ். வகுத்தால் ஒரு பவுண்டு 13.33 ரூபாய். அதே பவுண்டின் விலை அமெரிக்காவில் 4.03 டாலர். இப்போது 13.33-ஐ 4.03-ஆல் வகுங்கள். 3.31 வரும். சுதந்திர தினத்தன்று ஒரு டாலரின் விலை அதுதான்.

"அப்போ நமக்குக் கடனே இல்லை, அதான் ரெண்டும் சமமா இருந்துச்சு" என்று ஒரு விளக்கமும் கூடவே வரும். உண்மையில், இரண்டாம் உலகப் போரில் வாங்கிய சரக்குக்காகவும் செலவுக்காகவும் பிரிட்டன்தான் நமக்கு 100 கோடி பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்திருந்தது. அப்படியும் டாலர் 3.31 ரூபாய்தான். காரணம், அன்றைய ரேட்டைச் சந்தை முடிவு செய்யவில்லை, அரசாங்கம் எழுதி வைத்தது.

எழுதி வைத்ததை ஒரே நாளில் திருத்தி எழுதவும் முடியும். 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 2.80 டாலராகக் குறைத்தது. இந்தியாவும் கூடவே இறங்கியது. டாலர் 4.76 ரூபாய் ஆனது. அதன்பின் 17 வருஷம் அந்த எண் அசையவில்லை.

அசைந்தது 1966 ஜூன் 6-ல். இரண்டு போர்கள், கடும் வறட்சி, அமெரிக்க கோதுமையை நம்பிச் சாப்பாடு. உதவி வேண்டுமென்றால் ரூபாயின் மதிப்பைக் குறையுங்கள் என்று உலக வங்கியும் அமெரிக்காவும் நெருக்கின. பிரதமராகி ஐந்து மாதம்கூட ஆகாத இந்திரா காந்தி ஒத்துக்கொண்டார். டாலர் 7.50 ரூபாய். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜருக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. கட்சிக்குள்ளேயே பெரும் எதிர்ப்பு கிளம்பியது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. துபாய், கத்தார் உள்ளிட்ட வளைகுடா பகுதிகளில் அப்போது புழக்கத்தில் இருந்ததும் நம் ரிசர்வ் வங்கி அச்சடித்த தனி ரூபாய் நோட்டுதான். டெல்லியில் எடுத்த முடிவால் தங்கள் பணத்தின் மதிப்பும் சரிந்ததும், அவர்கள் வேறு நாணயத்துக்கு மாறத் தொடங்கினார்கள்.

1991: இரண்டே நாள், இரண்டு தாவல்

1991 கோடையில் நாட்டின் கையிருப்பில் இருந்த அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் வரும் என்ற நிலை. ஜூலை 1-ம் தேதி ரூபாயின் மதிப்பு சுமார் 9% குறைக்கப்பட்டது. அடுத்த கட்டம் ஜூலை 3-ல். ஆனால், முதல் குறைப்புக்கு எழுந்த எதிர்ப்பைப் பார்த்த பிரதமர் நரசிம்ம ராவ், இரண்டாவதை நிறுத்தச் சொன்னார். நிதியமைச்சர் மன்மோகன் சிங் அன்று காலை ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் சி. ரங்கராஜனுக்கு போன் போட்டார். அதற்குள் புதிய ரேட் அறிவிக்கப்பட்டுவிட்டது. அந்த போன் ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால்? யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

21 ரூபாய் சொச்சத்தில் இருந்த டாலர் 26-ஐ நெருங்கியது. அதே மாதம் ஏறக்குறைய 47 டன் தங்கம் அடமானத்துக்காக விமானத்தில் லண்டன் போனது.

1993 மார்ச்சில் இருந்து கதையே வேறு. இனி ரேட்டைச் சந்தை தீர்மானிக்கும் என்றார்கள். அப்போது டாலர் 31 ரூபாய் சொச்சம். 2008 தொடக்கத்தில் 39. 2013 மே மாதம், டாலரை அச்சடித்து இறைப்பதைக் குறைக்கப் போகிறோம் என்று அமெரிக்க மத்திய வங்கி கோடி காட்டியதுமே முதலீட்டாளர்கள் ஓட்டம் பிடிக்க, ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தாண்டியது. 2022 அக்டோபரில் 83. 2025 டிசம்பரில் 90.

அப்போ நாம ஏழையாகிட்டோமா?

எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஒரு டாலருக்கு 140, 150 யென் கொடுக்கிற ஜப்பானை யாரும் ஏழை நாடு என்பதில்லை. 31-ல் இருந்து 90 என்பது கூட்டு வட்டிக் கணக்கில் பார்த்தால் வருஷத்துக்கு 3.3% அளவிலான சரிவு. நம் ஊரில் விலைவாசி அமெரிக்காவைவிட வேகமாக ஏறுவதே இதற்குப் பெரிய காரணம். நம் ரூபாய் கடையில் எவ்வளவு மதிப்பிழக்கிறதோ, அதன் நிழல்தான் டாலர் ரேட்டில் தெரிகிறது.

ஆனால், நிழல் என்பதற்காக வலிக்காமல் இருக்காது. வலி எல்லோருக்கும் ஒரே மாதிரியும் இல்லை. டாலரில் பில் போடும் ஐ.டி. கம்பெனிக்கு இது லாபம். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு நஷ்டம்.

எல்லோரையும்விட மாட்டிக்கொள்பவர், வெளிநாட்டில் படிப்பதற்கு ரூபாயில் கடன் வாங்கியவர். டாலர் 83 ரூபாயாக இருக்கும்போது, வருஷத்துக்கு 25,000 டாலர் ஃபீஸ் என்று கணக்குப் போட்டு 20.75 லட்சம் ஒதுக்கியிருப்பார். டாலர் 90 ஆனால் அதே ஃபீஸ் 22.5 லட்சம். காலேஜ் ஒரு சென்ட்கூட ஏற்றவில்லை. ஆனாலும் அந்த 1.75 லட்சத்தை வீட்டில் யாராவது புரட்டியாக வேண்டும்.